மன்னிப்புக்குத் தடையுத்தரவு

எங்கள் சபையில் யாரும் யாரையும் இஷ்டப்படி மன்னித்துவிட முடியாது. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. ‘ஐக்கியம் மற்றும் மன்னிப்புக் குழு’ என்று பெயர். ஐக்கியம் முன்னால் வர வேண்டுமா, மன்னிப்பு முன்னால் வர வேண்டுமா என்று பேசி முடிக்கவே முதல் ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் மூன்று பேர் புதிதாக ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூவருமே குழு உறுப்பினர்கள்.

நான் அந்தக் குழுவுக்குக் குறிப்பெழுதுகிறவன். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தாளனாக இருந்தேன். யார் என்ன உளறினாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டே போகிற தொழில். ஓய்வுபெற்ற பிறகாவது மனசுக்கு நிம்மதியாக இருக்கலாம் என்று சபைப் பணிக்கு வந்தேன். போயும் போயும் இங்கே வந்து மாட்டிக்கொண்டேன்.

சண்டை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிருந்தில் திராட்சரசம் கொடுப்பார்கள் அல்லவா, அதை ஒரே பெரிய கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைத்துக் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் குடிப்பதா என்பதுதான் சண்டை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் பரவிய சமயம், பல் டாக்டரம்மா ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, ஒரு மனித வாயில் எத்தனை கோடிக் கிருமி குடியிருக்கிறது என்று விளக்கினார். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வாயைப் பற்றி யாரும் அப்படி யோசித்ததில்லை. சபை சரிபாதியாகப் பிளந்தது. பெரிய கிண்ணத்தாருக்குக் காலை ஏழு மணி ஆராதனை, சின்னக் கிண்ணத்தாருக்கு ஒன்பதரை. அவர்களுக்குக் கிழக்கு வாசல், இவர்களுக்கு மேற்கு வாசல். பாட்டுக்குழு இரண்டு, பூச்சாடி இரண்டு, துடைப்பம்கூட இரண்டு. போதகர் மட்டும் ஒருவர்தான். ஏழு மணிக்குப் பெரிய கிண்ணம்தான் சரி என்பதுபோலச் சிரிப்பார், ஒன்பதரைக்குச் சின்னக் கிண்ணம்தான் சரி என்பதுபோலச் சிரிப்பார். இரண்டு சிரிப்புக்கும் நடுவில் ஒரு காப்பி குடிப்பார்.

ஒரு பக்கத்து ஆள் மற்றப் பக்கத்து ஆளோடு சேர்ந்து திருவிருந்தில் முழங்காலிட வேண்டுமானால் ‘ஒப்புரவுச் சான்றிதழ்’ வேண்டும். ஐநூறு அச்சடித்து பீரோவில் வைத்திருக்கிறோம். எட்டு வருடத்தில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. கரையான் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கும் அவருடைய அக்காவும் ஒன்றாக வந்து போதகர் அறைக்கு முன்னால் நின்றார்கள்.

மெக்கானிக் என்றால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, சின்னக் கிண்ணம், மூன்றாவது பெஞ்சு. எதையும் நேராகவே புரிந்துகொள்கிற ஆள். குளிர வேண்டும், குளிரவில்லை, ஏன் என்று பார். அவருக்கு உலகம் அவ்வளவுதான். அக்கா தையற்காரி, அறுபத்தேழு வயது, பெரிய கிண்ணம். அம்மா போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு ஏழு வயது. அக்காதான் மெஷினை மிதித்து மிதித்து அவரை ஆளாக்கினார். அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு நேரெதிரே அக்கா வீடு. நடுவில் ஒரு சந்து. ஒரு ஸ்கூட்டர் வந்தால் எதிரே வருகிற ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவு அகலம். அந்தச் சந்தை ஒன்பது வருடமாக இரண்டு பேரும் தாண்டவில்லை.

காரணம் இதுதான். கிண்ணச் சண்டை மும்முரமாக இருந்த நாளில் தம்பி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, “அந்தப் பெரிய கிண்ணத்துல வாய் வச்சுதானே அம்மாவுக்குக் காசநோய் வந்துச்சு?” என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் யாரோ சொன்னதை அப்படியே வீட்டில் கொண்டுவந்து கொட்டினார். “இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே” என்று அக்கா கதவைச் சாத்தினார். அதோடு சரி.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோயிற்று. எதிரிலேயே தம்பி இருக்க, வீம்புக்கு நாலு தெரு தள்ளி ஓர் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் பார்த்துவிட்டு, காயிலில் ஓட்டை, வெல்டிங் வைத்து கேஸ் ரொப்ப வேண்டும், என்னிடம் அதற்குச் சாமான் இல்லை, எதிரில் ஒருத்தர் நன்றாகச் செய்வார் என்று சொல்லி, அக்கா வாயைத் திறப்பதற்குள் ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு சந்தைத் தாண்டிவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. இதயத்தில் வால்வு மாற்றும் ஆபரேஷன். தேதி போட்டிருந்தது. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

“அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“நானும்தான்டா கதவைச் சாத்தியிருக்கக் கூடாது. சாப்டியா?”

ஒன்பது வருடப் பகை நாலு நிமிடத்தில் தீர்ந்தது. எங்கள் குழுவின் தேநீர் இடைவேளையே இருபது நிமிடம்.

அவர்கள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஆபரேஷனுக்கு இன்னும் பதினைந்து நாள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அம்மா எங்களை ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டு முட்டி போடுவாங்க பாஸ்டர்” என்றார் அக்கா. “போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இவன் பக்கத்துல முட்டி போட்டுட்டேன்னா எனக்குப் பயமில்ல. ஏழு மணியோ ஒன்பதரையோ, நீங்க எதுக்கு வரச் சொல்றீங்களோ அதுக்கு வர்றோம்.”

போதகர் வெளிறிப்போனார். அந்த வாரம் இரண்டு பக்கமும் அவருக்கு நல்ல உறவில் இருந்தது. “ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்” என்று நாலு தடவை சொல்லிவிட்டு, “இது குழுவுக்குப் போக வேண்டிய விஷயம்” என்றார்.

குழு வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூடியது. குழுத் தலைவர் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய கிண்ணத்தின் தளபதி. துணைத் தலைவர் பல் டாக்டரம்மா. சின்னக் கிண்ணத்தின் தாய். மற்ற ஆறு பேர் இந்த இருவரும் தலையாட்டினால் தலையாட்டுகிறவர்கள், ஆகையால் அவர்களை விட்டுவிடலாம். அக்காவுக்கும் தம்பிக்கும் அறையின் இரண்டு மூலையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தம்பி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அறை முழுக்க ஒரு முணுமுணுப்பு கிளம்பியது.

சுங்க அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “நீங்க ஏதாவது அறிவிக்க வேண்டியது இருக்கா?”

“ஒண்ணுமில்ல ஐயா. நாங்க சமாதானமாயிட்டோம்.”

“யார் முதல்ல மன்னிப்புக் கேட்டது?”

“நாந்தான்.”

பல் டாக்டரம்மா பேனாவை மேசையில் போட்டார். “நீங்க யாரைக் கேட்டு மன்னிப்புக் கேட்டீங்க?”

மெக்கானிக் முழித்தார். “அக்காவைத்தான் டாக்டரம்மா கேட்டேன்.”

“அதைச் சொல்லல. யார் அனுமதி குடுத்தா? நாங்க மன்னிக்கத் தயார். எட்டு வருஷமா தயாரா இருக்கோம். ஆனா மன்னிப்புக் கேக்கத் தயாரில்ல. அதுதான் எங்க பக்கத்தோட நிலைப்பாடு. அதுக்காக நான் எத்தனை கூட்டம் உக்காந்திருக்கேன், எத்தனை நோயாளியைத் திருப்பி அனுப்பியிருக்கேன்! நீங்க ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் கவுத்துட்டீங்களே!”

சுங்க அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோங்க. சின்னக் கிண்ணத் தரப்பு மன்னிப்புக் கேட்டது. அடிக்கோடு போடுங்க” என்றார். நான் அடிக்கோடு போட்டேன்.

“நானும் கேட்டேனே” என்றார் அக்கா. “கதவைச் சாத்தினது தப்புன்னு நானும் சொன்னேன்.”

நான் அடிக்கோட்டை அழித்தேன். சுங்க அதிகாரி அக்காவைப் பார்த்த பார்வையில், பெட்டிக்குள் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட பழைய நாட்கள் தெரிந்தன. எழுந்து நின்று அவர் பேசியதை ஓர் எழுத்து விடாமல் குறித்திருக்கிறேன்.

“மன்னிப்புங்கறது ரொம்ப உயர்ந்த சரக்கு. அதை யாரு வேணாலும் யாருக்கு வேணாலும் கொண்டுபோய்க் குடுக்கலாம்னா, நடுவுல நாங்க எதுக்கு இருக்கோம்? நான் துறைமுகத்துல முப்பத்திரண்டு வருஷம் நின்னவன். அனுமதி இல்லாம உள்ள வந்தா நல்ல சாமானும் கடத்தல் சாமான்தான். இன்னைக்கு ஒரு அக்கா தம்பி தானா சமாதானமாவாங்க. நாளைக்கு மாமியார் மருமகள் ஆவாங்க. அடுத்த மாசம் சபையில எல்லாரும் அவனவன் வீட்டுல உக்காந்து மன்னிச்சுக்கிட்டா, இந்தக் குழுவை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?”

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். எட்டு வருடத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

முடிவு இப்படி ஆயிற்று. நடந்த மன்னிப்பு செல்லாது. அதே மன்னிப்பு ‘ஐக்கிய ஞாயிறு’ அன்று பேராயர் முன்னிலையில், இரண்டு தரப்பும் ஒரே நொடியில் வாயைத் திறக்கும்படி, முறைப்படி மறுபடி நடத்தப்படும். அதுவரை முன்பிருந்த பகை அப்படியே தொடர வேண்டும். இருவரும் பேசக் கூடாது, பார்த்துச் சிரிக்கக் கூடாது, எந்தப் பொருளும் கைமாறக் கூடாது. நீதிமன்றத்தில் நான் எத்தனையோ தடையுத்தரவு எழுதியிருக்கிறேன். வீட்டைக் கட்டாதே, மரத்தை வெட்டாதே என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அக்காவிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதே என்று எழுதியது அன்றைக்குத்தான்.

“ஐக்கிய ஞாயிறு என்னைக்கு ஐயா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“இன்னும் ஆறு வாரம் இருக்கு.”

“அக்காவுக்கு ஆபரேஷன் அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை.”

“தள்ளிப்போட முடியாதா?” என்று பல் டாக்டரம்மா கேட்டார். ஒரு டாக்டர் கேட்கிற கேள்வி!

“வால்வைத்தான் கேக்கணும்” என்றார் அக்கா.

அந்தம்மா ஆபரேஷனில் போய்விட்டால் மன்னிக்கப்பட வேண்டிய ஆள் இல்லாமல் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்ற கவலை அப்போதுதான் குழுவுக்கு வந்தது. பேராயருக்குப் போன் போட்டார்கள். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு என்று தெரிந்ததும் விழாவை அன்றைக்கு மாற்றினார்கள். “பாத்தீங்களா, நாங்க எவ்வளவு விட்டுக்குடுக்கறோம்!” என்று சுங்க அதிகாரி அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

மெக்கானிக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த யந்திரம் எந்த இடத்தில் ஓடாமல் நிற்கிறது என்று தேடுகிறவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “பத்து நாள்தானே அக்கா. பொறுத்துக்குவோம்” என்றார். அதுவே உத்தரவு மீறல் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

மறுநாளே சந்தில் இரண்டு நாற்காலி வந்தது. பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பார்வையாளர்கள். அவர்கள் இருவரும் ஏழு வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள் என்பதால் ஒரே சம்பவத்துக்கு எனக்கு இரண்டு அறிக்கை வந்தது. “காலை 10.20க்கு அம்மா வீட்டினுள் இருமினார். 10.21க்கு எதிரில் சுத்தியல் சத்தம் நின்றது. இருமலுக்குச் செவிசாய்த்ததாகத் தெரிகிறது.” மற்றவர் எழுதியது: “சுத்தியல் சத்தம் நின்றதும் அம்மா ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் பகை போதுமான அளவு இல்லை.”

அடுத்து ஃப்ரிட்ஜ் விவகாரம். ஓட்டை அடைத்து கேஸ் ரொப்பி ஃப்ரிட்ஜ் ஒர்க்‌ஷாப்பில் தயாராக நின்றது. அக்காவின் ஊசிமருந்து குளிரில் இருக்க வேண்டியது. அவர் அதை எடுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளி நடந்துபோய் யார் வீட்டு ஃப்ரிட்ஜிலோ வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்துகொண்டிருந்தார். சந்தைத் தாண்டி ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டுபோக மெக்கானிக் அனுமதி கேட்டு எழுதினார். குழு சனி, திங்கள் இரண்டு நாள் உட்கார்ந்தது. ஓடாத ஃப்ரிட்ஜாக வந்தது, ஓடுகிற ஃப்ரிட்ஜாகப் போனால் அது மறைமுக மன்னிப்பு ஆகும் என்று பல் டாக்டரம்மா சொன்னார். அப்படியானால் மறுபடி ஓட்டை போட்டு அனுப்பலாமா என்று மெக்கானிக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். அதைப் பரிசீலிக்கலாம் என்று சுங்க அதிகாரி சொன்னார். அதுவும் நிஜமாகத்தான்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை பிற்பகல் ஆலயத்தில் ஒத்திகை. நடுப்பாதையின் நீளம் நாற்பத்திரண்டு அடி. கிழக்கு முனையிலிருந்து அக்காவும் மேற்கு முனையிலிருந்து தம்பியும் நடந்து வந்து நடுவில் தழுவிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இருபத்தோரு அடி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள்.

“அக்காவால அவ்வளவு நடக்க முடியாது ஐயா. அவ உக்காந்திருக்கட்டும், நான் முழுசா நடந்து வர்றேன்” என்றார் மெக்கானிக்.

“அதெப்படி? நாங்க நாப்பத்திரண்டு அடி இறங்கி வந்ததா ஆயிடும்!” என்றார் பல் டாக்டரம்மா.

பிறகு குறைகளை வாசிக்கும் அங்கம். இரண்டு பேரும் மற்றவர் செய்த தீங்கை உரக்கப் படிக்க வேண்டும். மெக்கானிக் தாளில் “அக்கா கதவைச் சாத்தினாள்” என்று ஒரு வரி இருந்தது. பேராயர் நாலு மணி நேரம் காரில் வருகிறார், ஒரு கதவுக்காகவா வருவார் என்று இன்னும் பதினொரு வரி சேர்த்துக் கொடுத்தார்கள். அக்கா அவருடைய ஆஸ்தியை அபகரித்ததாகக்கூட அதில் வந்தது. “எனக்கு ஆஸ்தியே கிடையாதே” என்றார் மெக்கானிக். “உங்களுக்குத்தான் மன்னிக்கத் தெரியுதே, இதையும் சேர்த்து மன்னிச்சிடுங்க” என்றார் போதகர். மனுஷர் ஒன்பது வருடத்தில் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான், அதையும் எங்கே வந்து சொன்னார் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் யாரும் அதுவரை யோசிக்காத சங்கதி கிளம்பியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்ட பிறகு எந்தக் கிண்ணத்தில் கொடுப்பது? பெரியதில் கொடுத்தால் ஒரு பக்கம் எழுந்துபோகும், சின்னதில் கொடுத்தால் மறுபக்கம். ஒன்றரை மணி நேரம் கத்தினார்கள். இரண்டு பேருக்கும் அப்பம் மட்டும் கொடுத்துவிட்டு, கிண்ணத்துக்கு ஒரு துணைக்குழு போடலாம் என்று முடிவு செய்தார்கள். துணைக்குழு அறிக்கை தர ஆறு மாதம்.

அவ்வளவு நேரமும் அக்கா கிழக்கு முனையில் நின்றுகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் இருபத்தோரு அடியில் குறையும் என்று நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். முகம் சாம்பலாகிக்கொண்டு வந்ததையும் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா பெஞ்சைப் பிடித்தார், பிடி நழுவியது.

மெக்கானிக் ஓடினார். நாற்பத்திரண்டு அடியையும் கோட்டைப் பார்க்காமல் ஓடிப்போய் அக்காவைத் தாங்கித் தரையில் உட்காரவைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். “அக்கா, அக்கா, என்னைப் பாரு” என்றார். அவரைப் பெஞ்சோரம் சாய்த்துவிட்டு, போதகருடைய அறைக்குள் ஓடி அங்கே மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா மாத்திரையைப் போட்டுப் பாதித் தண்ணீரைக் குடித்தார். மூச்சு சீரானதும், தம்பியின் முகத்தைப் பார்த்து, “நீ குடி முதல்ல. எப்படி வேர்த்திருக்கு பாரு” என்று டம்ளரை நீட்டினார். அவர் மிச்சத்தைக் குடித்தார். ஆலயத்தின் தரையில், பீடத்துக்கு முன்னால், இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சொல்லத்தான் வேண்டும், ஒரு நிமிடம் நான் எழுதுவதை நிறுத்தினேன்.

“அது என்ன டம்ளர்?” என்று கேட்டார் சுங்க அதிகாரி.

ஒருவரும் அந்த அம்மாவுக்கு எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. எல்லார் கண்ணும் டம்ளர்மேல் இருந்தது. “அது ஆசீர்வதிச்ச கிண்ணம் இல்ல” என்றார் சுங்க அதிகாரி. “ரெண்டு வாய், ஒரே டம்ளர், கழுவக்கூட இல்ல!” என்றார் பல் டாக்டரம்மா. “பீடத்துக்கு முன்னாடி!” என்றார் அவர். “அதுவும் போதகர் அறை டம்ளர்!” என்றார் இவர். ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்தார். ஒன்பது வருடத்தில் அந்த இரண்டு பேரும் அப்படி ஒத்துப் பேசி நான் கேட்டதில்லை. இது தண்ணீர் குடித்த விஷயமில்லை, இது ஒரு மூன்றாவது கிண்ணம், இன்றைக்கு விட்டால் இவர்கள் பின்னால் நாற்பது பேர் டம்ளரோடு வந்து நிற்பார்கள் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

“தண்ணிதானே ஐயா குடிச்சோம்” என்றார் மெக்கானிக்.

“தண்ணியா, ரசமாங்கறதை விசாரணையில பாத்துக்கலாம்” என்றார் சுங்க அதிகாரி.

விசாரணை அங்கேயே நடந்தது. அக்காவையும் தம்பியையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கிழக்கு வாசல் வழியா, மேற்கு வாசல் வழியா என்ற கேள்வி வந்தது. அதற்குள் தம்பி அக்காவைக் கைத்தாங்கலாக அருகிலிருந்த வாசல் வழியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தீர்மானம்: இருவரும் ஓராண்டுக்குத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்கப்படுகிறார்கள். எட்டு கை தூக்கப்பட்டது. போதகருக்கு ஓட்டு இல்லை. அவர் கூரையைப் பார்த்தார்.

எனக்கு ஓட்டு உண்டு. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் உதவட்டும் என்று கொடுத்தது. எட்டு வருடமாக நான் எதற்கும் கை தூக்கியதில்லை. “இன்னும் ஒரு கை தூக்கினா ஒருமனதாத் தீர்மானம் ஆயிடும்” என்றார் சுங்க அதிகாரி, என்னைப் பார்த்துப் பாசமாக. “நம்ம சபை வரலாற்றுலயே முதல் தடவை. கெடுத்துடாதீங்க.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தனியாக மாட்டிக்கொள்வது என்றால் எனக்கு எப்போதுமே பயம். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன்.

பல் டாக்டரம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். சுங்க அதிகாரி அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அவர் கிருமி பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழா அமோகமாக நடந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் போட்ட கோட்டில் சுங்க அதிகாரியும் பல் டாக்டரம்மாவும் நடந்து வந்து நடுவில் கைகுலுக்கிக்கொண்டார்கள். இரண்டு பாட்டுக்குழுவும் ஒரே பாட்டை இரண்டு சுருதியில் பாடின. ஒருமனதான தீர்மானத்தை நான் வாசித்தேன். பேராயர் என்ன தீர்மானம் என்று கவனிக்கவில்லை, ‘ஒருமனதாக’ என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்டிவிட்டார். “இந்தச் சபையில் பகைமைக்கு இனி இடமில்லை” என்று பேசினார். அந்த இடத்திலிருந்து காலிசெய்யப்பட்டவர்கள் யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. திருவிருந்து மட்டும் வழக்கம்போல ஏழுக்கும் ஒன்பதரைக்கும் தனித்தனியாக முடிந்திருந்தது.

தீர்மானத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் வேலை. பிற்பகல் போனேன். சந்தில் நாற்காலிகள் இல்லை. ஃப்ரிட்ஜ் அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டிருந்தது. மெக்கானிக் அதன் அடியில் மரத்துண்டு கொடுத்து ஆட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். அக்கா படித்து முடித்ததும் அதன்மேல் கையை வைத்துத் துணியை நீவுவதுபோல நீவினார். கேட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமைக்கு முன்னால் வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

மெக்கானிக் எழுந்து வந்தார். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியல ஐயா. பேசாம இருந்த ஒன்பது வருஷமும் எங்க ரெண்டு பேருக்கும் திருவிருந்து குடுத்தீங்க. பேசினதுக்கு அப்புறம் இல்லேங்கறீங்க. நாங்க மறுபடி சண்டை போட்டுக்கிட்டா குடுப்பீங்களா?”

விதிமுறைப்படி கொடுக்கலாம். நான் யோசித்துப் பார்த்தேன், தடையே இல்லை. அதைச் சொல்லாமல், நகல் பெற்றதற்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

“விடுடா” என்றார் அக்கா. என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒருமனதான்னு போட்டிருக்கே. நீங்களும் கை தூக்கினீங்களா?”

முப்பத்தொரு வருடம் எத்தனையோ சாட்சிகள் இந்த மாதிரிக் கேள்விக்கு இல்லை என்று சொன்னதை எழுதியிருக்கிறேன். எனக்கு அது வரவில்லை. “தூக்கினேன்மா” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. “உங்களுக்கு மூச்சு வாங்கினப்பகூட எழுதிக்கிட்டுதான் இருந்தேன். தப்புதான். மன்னிச்சிடுங்க.”

“சரி, மன்னிச்சிட்டேன்” என்றார் அக்கா, மடித்த துணியைப் பையில் வைத்துக்கொண்டே. “நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

நான் உட்காரவில்லை. வாசல்வரைக்கும் போய், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். “நீங்க மன்னிச்சதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா” என்று மெல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.